ஸ்லைடு பார்ப்பவரைச் சோதிப்பது யார்?

வடலூர் என்றதும் சத்திய ஞான சபையும் தருமச்சாலையின் அணையா அடுப்பும்தான் முதலில் நினைவுக்கு வரும். தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் வந்து போகும் ஊர். மற்ற நாட்களில் அது ஒரு சாலைச் சந்திப்பு. கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையும், பண்ருட்டியிலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம் போகும் சாலையும் இங்கேதான் குறுக்கிடுகின்றன. கூப்பிடு தூரத்தில் நெய்வேலி. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது முதல் வெளியூர்க்காரர்கள் வேலைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள்; இப்போது ஒடிசா, ஜார்கண்ட், பீகாரிலிருந்தும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வருகிறார்கள். மனிதர்கள் இப்படி வந்து போகும் இடத்துக்கு ஒட்டுண்ணிகளும் அவர்களோடு வந்து போகும். இத்தகைய ஊர்களின் லேப்களில் காய்ச்சல்காரரின் ரத்தத் துளியும் வயிற்றுக்கடுப்புக்காரரின் மலமும் அன்றாடம் ஸ்லைடில் ஏறுகின்றன. டாக்டர் என்ன மாத்திரை எழுதுவார் என்பது, அந்த ஸ்லைடைப் பார்த்தவர் சீட்டில் எழுதிய ஒரே ஒரு பெயரைப் பொறுத்தது. அந்தப் பெயர் சரிதானா? எழுதியவரின் கண்ணை யாராவது எப்போதாவது சோதித்திருக்கிறார்களா?

சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் இயந்திரம் இருக்கிறது. அளவு தெரிந்த கரைசல் ஒன்றைக் காலையில் ஓட்டி, எண் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். ஒட்டுண்ணிப் பரிசோதனையில் இந்த வசதி கிடையாது. மைக்ராஸ்கோப் பெரிதாக்கிக் காட்டும், பெயர் சொல்லாது. பெயர் சொல்வது பார்ப்பவரின் பயிற்சியும் பொறுமையும்தான். தடித்த ரத்தப் பூச்சில் மலேரியா இல்லை என்று எழுத வேண்டுமானால், எண்ணெய் லென்ஸில் குறைந்தது நூறு பார்வைப் புலங்களைப் பார்த்திருக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் ஒரு ஸ்லைடுக்கு எட்டு, பத்து நிமிடம் ஆகும். மேசையில் நாற்பது சாம்பிள் காத்திருக்கும்போது அந்தப் பத்து நிமிடம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்பதை லேப் வேலை பார்த்தவர்களிடம் கேட்டால் தெரியும்.

கண் மட்டும் தேர்ந்தால் போதாது, சாம்பிள் எடுத்த நேரமும் சரியாக இருக்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் யானைக்கால் நோயைக் கண்ணால் காணாத தலைமுறை இப்போதுதான் வளர்ந்து வருகிறது. டி.இ.சி. என்ற யானைக்கால் மாத்திரையை ஆண்டுக்கு ஒருமுறை ஊர் முழுவதற்கும் கொடுத்துப் பார்க்கும் முயற்சி 1990களின் பிற்பகுதியில் நாட்டில் தொடங்கியபோது அதில் இந்த மாவட்டமும் இருந்தது. பக்கத்துப் புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இந்த வட்டாரக் கிராமங்களில் நீண்ட காலம் வேலை செய்திருக்கிறது. யானைக்கால் சோதனைக்கு ரத்தம் எடுக்க வருபவர்கள் இரவு எட்டரை மணிக்கு மேல்தான் கதவைத் தட்டுவார்கள். அந்தப் புழுவின் குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரல் ரத்தக் குழாய்களில் பதுங்கியிருந்து, ராத்திரியில்தான் மேல்ரத்தத்துக்கு வரும். பகலில் எடுத்த ரத்தத்தில் எவ்வளவு தேர்ந்த கண் பார்த்தாலும் ஒன்றும் அகப்படாது. சாம்பிள் எடுத்த நேரம் தப்பினாலே முடிவு தப்பிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

சரியான நேரத்தில் எடுத்த ரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். சாயமேற்றிய பூச்சில் நூல்துண்டு போல வளைந்து கிடக்கிறது ஒரு நுண்புழு. அதன் உடல் நீளத்துக்கும் உட்கருக்கள் புள்ளி புள்ளியாக ஓடுகின்றன. இப்போது பார்க்க வேண்டியது வாலை. வால் நுனியில் புள்ளியே இல்லாமல் வெறுமையாக இருந்தால் அது உச்சரேரியா பாங்கிராஃப்டி. தமிழ்நாட்டில் யானைக்காலுக்குக் காரணமானது இதுதான். நுனிவரை தள்ளித் தள்ளி இரண்டு புள்ளிகள் தெரிந்தால் புருகியா மலாயி. கேரளத்தின் சேர்த்தலைப் பக்கம் இது ஒரு காலத்தில் வெகுவாக இருந்தது. இரண்டையும் பிரிப்பது இரண்டே இரண்டு புள்ளிகள். சாயம் வெளிறிப் போனாலோ, பூச்சு கழுவும்போது வால் மடங்கிப் போனாலோ அந்தப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாது. பஞ்சிலிருந்து உதிர்ந்த ஓர் இழையைப் புழு என்று எழுதிவிடுவதும் நடக்கக்கூடியதுதான்.

தெரியாதவர்கள் மட்டும்தான் தவறுவார்கள் என்று எண்ண வேண்டாம். இதற்கான பாடம் சென்னையிலேயே இருக்கிறது. அசாமைச் சூறையாடிய கருங்காய்ச்சலுக்கு, அதாவது காலா அசாருக்கு, என்ன காரணம் என்று ஆராயப் போன ஜைல்ஸ் என்ற மருத்துவர், 1890 வாக்கில் கொக்கிப்புழுதான் காரணம் என்று முடிவு கட்டினார். நோயாளிகளின் வயிற்றில் கொக்கிப்புழு இருந்தது உண்மை. நோய்க்குக் காரணம் அது அல்ல. பிறகு வந்த ரோஜர்ஸ் அதை ஒரு வகை மலேரியா என்றார். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள உறவை நிறுவிய ரொனால்ட் ராஸே 1899-இல் அதை ஆமோதித்தார். 1903-இல் மதராஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சார்லஸ் டோனவன், பொது மருத்துவமனை நோயாளிகளின் மண்ணீரலில் சிறு சிறு உருண்டைகளைக் கண்டார். அதே உருண்டைகளைக் கல்கத்தா அருகே டம்டமில் பணியாற்றிய ஒரு சிப்பாயின் பிரேதப் பரிசோதனையில் லீஷ்மன் முன்பே பார்த்திருந்தார். சிதைந்துபோன டிரிப்பனோசோம் ஒட்டுண்ணி என்று எண்ணி 1903 மே மாதம் எழுதினார். டோனவனின் கட்டுரை ஜூலையில் வந்தது. அவர் அனுப்பிய ஸ்லைடுகளைப் பாரிஸில் பார்த்த லவரான், அது பைரோபிளாஸ்மா வகை ஒட்டுண்ணி என்று பெயரிட்டார். மலேரியாக் கிருமியை உலகிலேயே முதலில் கண்ட கண் அது! இரண்டும் இல்லை, இது புதிய இனம் என்று சொல்லி லீஷ்மேனியா டோனவானி என்ற பெயரை இட்டவர் ராஸ். இரண்டு ஸ்லைடு, நான்கு மேதைகள், மூன்று பெயர்கள். ஒருவர் ஸ்லைடை இன்னொருவர் பார்த்ததால்தான் உண்மை வெளிப்பட்டது. வெளித்தரச் சோதனை என்று இன்று சொல்லப்படும் ஏற்பாட்டின் உயிர்நாடி இதுவே.

மலப் பரிசோதனையில் தவறு இன்னும் எளிது. 1983-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் ஒரு லேப் மூன்றே மாதங்களில் 38 பேருக்கு அமீபா இருப்பதாக எழுதியது. வழக்கத்தைவிடப் பல மடங்கு. கொள்ளைநோய் வந்துவிட்டதோ என்று சுகாதாரத் துறை விசாரணைக்கு இறங்கியது. பழைய ஸ்லைடுகளை எல்லாம் எடுத்து நிபுணர்கள் மறுபடி பார்த்தபோது, உண்மையில் அமீபா இருந்தது இரண்டு பேருக்குத்தான். மற்றவர்களில் பெரும்பாலோரிடம் தென்பட்டவை ரத்த வெள்ளணுக்கள். வயிற்றுப்போக்கில் சீழணுக்கள் வருவது சகஜம். அவற்றின் உருவமும் உட்கருவும் அமீபாவைப் போலவே கண்ணை ஏமாற்றும். வெளியே ஒருவர் சரிபார்க்காமல் போயிருந்தால் அந்த 36 பேரும் இல்லாத நோய்க்கு மருந்து தின்றதுதான் கணக்கில் நின்றிருக்கும்.

நம் ஊரில் அமீபா என்றால் வேறொரு சிக்கலும் உண்டு. நான்கு உட்கருக்கள் கொண்ட வட்டமான சிஸ்ட் (உறை மூடிய அமீபா) ஒன்று தெரிந்ததும் ‘என்டமீபா ஹிஸ்டோலிடிகா’ என்று எழுதிவிடுவது பல்லாண்டுப் பழக்கம். உடனே மெட்ரோனிடசோல் வாங்கி விழுங்கச் சொல்வதும் பழக்கம். ஆனால் அதே அளவில், அதே நான்கு உட்கருக்களோடு, நோய் உண்டாக்காத டிஸ்பார் என்ற இனமும் இருக்கிறது. பிரம்ட் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925-லேயே இப்படி ஓர் இனம் உண்டு என்று சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. 1993-இல்தான் இரண்டும் வேறு வேறு இனங்கள் என்பது நிலைநிறுத்தப்பட்டது. 1997-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, மைக்ராஸ்கோப்பில் மட்டும் பார்த்த லேப் ‘ஹிஸ்டோலிடிகா அல்லது டிஸ்பார்’ என்றுதான் எழுத வேண்டும் என்று சொன்னது. வடலூரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய புதுச்சேரி ஜிப்மரில், நுண்ணுயிரியல் பேராசிரியர் சுபாஷ் சந்திர பரிஜாவும் அவருடைய குழுவினரும் இந்தச் சிஸ்டுகளைப் பிசிஆர் என்ற மரபணுச் சோதனை முறையில் பிரித்துப் பார்த்தார்கள். 2005-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு, இங்குள்ளவர்களின் மலத்தில் டிஸ்பார் மட்டுமல்ல, மோஷ்கோவ்ஸ்கி என்ற மூன்றாவது இனமும் இருப்பதைக் காட்டியது. மூன்றும் லென்ஸின் கீழே ஒரே முகம். சிவப்பணுவை விழுங்கிய நிலையில் அமீபா அகப்பட்டால்தான் ஹிஸ்டோலிடிகா என்று துணிந்து சொல்லலாம். இருபது ஆண்டுகள் கழிந்தும் எத்தனையோ லேப் சீட்டுகளில் பழைய பெயரே வருகிறது. அவ்வாறு எழுதுபவரைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. மாறிய அறிவு அவர் மேசைக்கு வந்து சேர ஒரு வழி வேண்டும்.

தெரிந்ததற்கு மேல் சொல்வதும் பிழைதான். நாடாப்புழு முட்டை அதற்கு உதாரணம். பன்றி இறைச்சி வழியாக வருவதும் மாட்டு இறைச்சி வழியாக வருவதும் முட்டையில் ஒன்றுபோலவே இருக்கும். ‘டீனியா இனம்’ என்று எழுதுவதே நேர்மையான விடை. ஆனால் நோயாளிக்கு அந்த வித்தியாசம் உயிர் விஷயம். பன்றி நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போனால் அதன் கொப்புளம் மூளை வரை போய் உட்காரும். 1980களில் இந்தியாவில் சிடி ஸ்கேன் பரவியபோது, வலிப்பு வந்தவர்கள் பலருடைய மூளையில் சிறியதாக ஒற்றைக் கட்டி தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று எண்ணி அவர்களுக்கு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்து வந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவை மருத்துவர்கள் சாண்டி, ராஜசேகர் ஆகியோரும் சகாக்களும் அத்தகைய கட்டிகளை எடுத்து நோய்க்குறியியல் மேசையில் வைத்தார்கள். பலவற்றில் இருந்தது நாடாப்புழுக் கொப்புளம். 1989-இல் லான்செட் இதழில் அவர்கள் எழுதியது இந்தியா முழுவதும் வைத்தியத்தை மாற்றியது. திசுவை வெட்டிப் பார்த்துச் சரியான பெயரைச் சொன்னதால் எத்தனையோ பேர் தேவையில்லாத காசநோய் மருந்திலிருந்து தப்பினார்கள்.

சரி, லேபைச் சோதிப்பது எப்படி? ஓர் அமைப்பு, விடை தெரிந்த சாம்பிள்களைத் தயாரித்து நூற்றுக்கணக்கான லேப்களுக்கு ஒரே நாளில் அனுப்புகிறது. ஃபார்மலினில் ஊறிய மலக் கலவை, சாயமேற்றிய ரத்தப் பூச்சு, சில சமயம் படம். குறித்த தேதிக்குள் லேப் விடை எழுதி அனுப்ப வேண்டும். பின்பு எல்லோருடைய விடைகளும் ஒப்பிடப்பட்டு, தவறியவர்களுக்கு ஏன் தவறினார்கள் என்ற விளக்கமும் போகும். பிரிட்டனில் யு.கே. நெக்வாஸ் என்ற அமைப்பு ரத்த ஒட்டுண்ணிக்கும் மல ஒட்டுண்ணிக்கும் தனித்தனியாக இதைச் செய்கிறது. அமெரிக்காவில் 1988-இல் வந்த சட்டம் இன்னும் கறாரானது. ஒட்டுண்ணிப் பரிசோதனை செய்யும் லேப்புக்கு ஆண்டுக்கு மூன்று சுற்று, சுற்றுக்கு ஐந்து சாம்பிள். நூற்றுக்கு 80 வாங்காவிட்டால் அந்தச் சுற்றில் தோல்வி. திரும்பத் திரும்பத் தோற்றால் அந்தப் பரிசோதனை செய்யும் உரிமையே கேள்விக்குள்ளாகும். மலேரியா ஸ்லைடு பார்ப்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் தனிநபர் தேர்வே வைக்கிறது. கிருமி உண்டா இல்லையா என்பதிலும் இனத்தைச் சொல்வதிலும் 90 விழுக்காடு எடுத்தால்தான் முதல் நிலை.

இந்தியாவிலும் இந்த ஏற்பாடு இல்லாமல் இல்லை. மருத்துவ நுண்ணுயிரியலாளர் சங்கத்தின் வெளித்தரச் சோதனைத் திட்டம் வேலூர் சிஎம்சி, டெல்லி சர் கங்காராம் மருத்துவமனை போன்ற மையங்களிலிருந்து நடக்கிறது. என்.ஏ.பி.எல். என்ற தேசிய லேப் அங்கீகார அமைப்பின் அங்கீகாரம் வாங்கும் லேப், ஐ.எஸ்.ஓ. 15189 விதிப்படி இத்தகைய சோதனையில் கலந்துகொண்டாக வேண்டும். ஆனால் அந்த அங்கீகாரம் வாங்குவது லேப்பின் விருப்பம். பெரிய மருத்துவமனைகளும் கிளை பரப்பிய லேப் நிறுவனங்களும் வாங்குகின்றன. ஒரு டெக்னீஷியன், ஒரு மைக்ராஸ்கோப், வாடகைக்கு ஓர் அறை என்று ஓடும் சின்ன லேப்புக்கு அந்தச் செலவும் காகித வேலையும் எட்டாத உயரம். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 1997-இல் சட்டம் வந்து, விதிகள் 2018-இல் வந்தன. இடமும் கருவியும் ஆளும் உண்டா என்று பதிவு பார்க்கும். அந்த ஆளின் கண் எவ்வளவு சரி என்பதைப் பதிவால் பார்க்க முடியாது.

இத்தகைய தேர்வுகளில் லேப்கள் வழுக்கும் இடங்கள் உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு ஒட்டுண்ணிகள் கலந்த சாம்பிளில் முதலாவதைக் கண்டதும் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். எட்டு உட்கரு கொண்ட, தீங்கற்ற என்டமீபா கோலையை நான்கு உட்கருக்காரன் என்பார்கள். மகரந்தத் தூளை முட்டை என்பார்கள். வாழைப்பழ நாரைப் புழு என்பார்கள். ரத்தத்தில், சிவப்பணு மேல் ஒட்டிக் கிடக்கும் தட்டணுவை மலேரியா வளையம் என்பார்கள். கொக்கிப்புழு முட்டைக்கு இன்னொரு கதை. மலத்தை எடுத்து வெயில் காலத்தில் ஒரு நாள் வைத்துவிட்டால் முட்டை பொரிந்து குஞ்சு வெளிவந்துவிடும். பார்க்கிறவர் அதை ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற வேறொரு புழுவின் குஞ்சு என்று எழுதிவிடலாம். அதன் வாயிலிருந்து தொண்டை வரையுள்ள குழாய் நீளமா குட்டையா என்று பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். நீளமானால் கொக்கிப்புழு, குட்டையானால் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ். இதில் தவறினால் விபரீதம். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் இருப்பது தெரியாமல் ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு கொடுத்தால், புழு உடம்பெங்கும் பெருகி ஆளையே கொன்றுவிடும்.

சோதனைத் திட்டங்களுக்கும் ஓட்டை உண்டு. வெளியிலிருந்து சாம்பிள் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் லேபின் மூத்தவர் வந்து உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து வைத்து, அரை மணி நேரம் பார்ப்பார். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு வரும் நோயாளியின் சாம்பிளுக்கு அந்த மரியாதை கிடைக்காது. ஃபார்மலினில் ஊறிய அமீபா சிஸ்டை அடையாளம் காண்பதும், சூடு ஆறாத மலத்தில் நகரும் அமீபாவைப் பிடிப்பதும் ஒன்றல்ல. ஆகவே, ஏற்கெனவே பார்த்து முடித்த ஸ்லைடுகளில் சிலவற்றை, முடிவு என்னவென்று சொல்லாமல், வேறொரு நிபுணருக்கு அனுப்பி மறுபார்வை பார்க்கும் முறையே இரண்டில் நேர்மையானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. தேசிய மலேரியாத் திட்டத்தில் இது ஏற்கெனவே உண்டு. மலப் பரிசோதனைக்கு அப்படி ஒன்று அன்றாட வழக்கில் இல்லை.

நோய் குறையக் குறையத் தவறு கூடும் என்பது பலரும் யோசிக்காத விஷயம். இலங்கையில் 1934–35 கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் மலேரியாவில் மாண்டார்கள். மருந்தடிப்பும் கண்காணிப்பும் வந்தபின் 1963-இல் நாடு முழுவதும் வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா. வெற்றி என்று தளர்ந்தார்கள். 1968–69-இல் அது பெரிய அலையாகத் திரும்பியது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. முதல் வெற்றியின் பாடம் மனதில் இருந்ததால் இம்முறை அவர்கள் ஸ்லைடு பார்ப்பதை நிறுத்தவில்லை. ஆண்டுக்கணக்கில் மலேரியாவையே காணாத டெக்னீஷியன், வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு இறங்கும் ஒருவரின் ரத்தத்தில் அதைக் கண்டுகொள்ள வேண்டும் அல்லவா?

மலேசியாவின் சரவாக்கில் நடந்தது வேறு மாதிரி. காப்பிட் என்ற ஊரில் மைக்ராஸ்கோப்பில் மலேரியாக் கிருமியின் ‘மலேரியே’ என்ற இனம் என்று எழுதப்பட்ட நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாக அதிகம். பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் மலேரியா நோயாளிகள் 208 பேரின் ரத்தத்தைப் பிசிஆர் முறையில் பார்த்தார்கள். 120 பேரிடம் இருந்தது குரங்குகளுக்கு வரும் நோலெசி என்ற இனம். 2004-இல் இது வெளிவந்தது. வழக்கமான நோயென்று எழுதப்பட்டு வந்தது, வேகமாக முற்றி உயிரைப் பறிக்கக்கூடிய வேறொரு இனம். மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாயல் என்பதால் டெக்னீஷியன்களைக் குறை சொல்ல முடியாது. யாரோ ஒருவர் வேறு முறையில் சரிபார்க்கும் வரை அது யாருக்கும் தெரியாமலே இருந்தது.

தமிழ்நாட்டிலும் இப்போது மலேரியா அருகிவிட்டது. யானைக்கால் நோயை 2027-க்குள் ஒழிக்க நாடு இலக்கு வைத்திருக்கிறது. வடலூர் வட்டாரத்து டெக்னீஷியன் ஒருவர் ஆண்டு முழுவதும் ஃபால்சிபாரம் என்ற கொடிய மலேரியா இனத்தின் ஒரு ஸ்லைடுகூடப் பார்க்காமல் இருக்கலாம். ஆனால் ஃபால்சிபாரம் மலிந்த ஒடிசாவிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த ஒருவர் ஒரு நாள் நடுங்கிக்கொண்டே வந்து நிற்பார். அதை விவாக்ஸ் என்ற வேறு மலேரியா இனம் என்று எழுதினால் தவறான மருந்தில் அவர் மூளை மலேரியாவுக்குப் போகலாம். விவாக்ஸை ஃபால்சிபாரம் என்று எழுதினால், ஈரலில் ஒளிந்திருப்பதைக் கொல்ல 14 நாள் பிரைமாகுயின் கிடைக்காமல் மாதங்கள் கழித்துக் காய்ச்சல் திரும்பும். விரைவுப் பரிசோதனைக் கிட் இதில் பாதி உதவி செய்யும். ஆனால் கிருமியின் எண்ணிக்கையையும், மருந்து பிடிக்கிறதா என்பதையும் ஸ்லைடுதான் சொல்லும்.

இதற்கு வேண்டிய ஆளும் அறிவும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. சிதம்பரத்தில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி, புதுச்சேரியில் ஜிப்மர், வேலூரில் சிஎம்சி. மாவட்டத்துக்கு ஒரு ஸ்லைடு வங்கி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்து சாம்பிளை ஒவ்வொரு லேப்புக்கும் இலவசமாக அனுப்பலாம். அரசு, தனியார், ஒற்றை அறை லேப் என்ற பேதம் வேண்டாம். தோற்றவரின் லைசென்ஸைப் பிடுங்குவதற்குப் பதில், அவரைக் கல்லூரிக்குக் கூப்பிட்டு இரண்டு நாள் லென்ஸ் முன்னால் உட்கார வைக்கலாம். இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் தோற்றால் அந்தப் பரிசோதனையை மட்டும் நிறுத்தச் சொல்லலாம். லேப் பதிவைப் புதுப்பிக்க வருபவரிடம் தீயணைப்புச் சான்றைக் கேட்பதுபோல் இந்த மதிப்பெண் சீட்டையும் கேட்க வேண்டும். சம்பளம் குறைவாக, சாம்பிள் அதிகமாக வேலை பார்க்கும் டெக்னீஷியனிடம் பொறுமையை எதிர்பார்க்கும் துறை, ஒரு நாளைக்கு ஒருவர் எத்தனை ஸ்லைடு பார்க்கலாம் என்ற வரம்பையும் எழுதிவைக்க வேண்டும்.

வாசகரும் செய்யக்கூடியது உண்டு. மலப் பரிசோதனைக்குக் கொடுப்பதைக் காலையில் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிடுங்கள்; முந்தின நாள் எடுத்ததைக் கொடுக்காதீர்கள். ஒரு தடவை ‘இல்லை’ என்று வந்து வயிற்றுக் கோளாறு தொடர்ந்தால், ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மூன்று முறை பாருங்கள் என்று டாக்டர் சொல்வது பணம் பறிக்க அல்ல. ஒரு ஸ்லைடில் ஏறுவது இரண்டு மில்லிகிராம் மலம் மட்டுமே. குழந்தைக்குக் கீரிப்பூச்சி என்று சந்தேகம் இருந்தால் மலத்தில் அது பெரும்பாலும் தெரியாது, காலையில் குளிப்பதற்கு முன் ஆசனவாயில் செல்லோடேப் ஒட்டி எடுத்துக் கொடுங்கள். ‘அமீபா’ என்று சீட்டு வந்தால், எந்த முறையில் பார்த்தார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். லேபுக்குள் நுழையும்போது, வெளித்தரச் சோதனையில் கலந்துகொள்கிறீர்களா, கடைசிச் சுற்றில் என்ன மதிப்பெண் என்றும் தயங்காமல் கேளுங்கள். நூறு பேர் கேட்டால் அந்த மதிப்பெண் சீட்டு சுவரில் மாட்டப்படும்.